கிரிக்கூவின் நிர்வாணமும் ஒழுக்கக் காவலரும்

பிரெஞ்சுக் கலைஞர் மிஷெல் ஒசெலோ 1998 இல் வெளியிட்ட ‘கிரிக்கூவும் சூனியக்காரியும்’ என்னும் அசைவுச் சித்திரப் படம் மேற்கு ஆபிரிக்க நாட்டார் கதையொன்றைத் தழுவியது. அதிற் பெண்கள் மார்பை மறைப்பதில்லை; சிறுவன் கிரிக்கூ ஆடையின்றியே ஓடித் திரிகிறான். பிரித்தானிய, அமெரிக்க விநியோகத்தர்கள் இதற்கு முகஞ்சுளித்தனர். பெண்களுக்குக் கச்சை அணிவிக்குமாறும் கேட்கப்பட்டது. கினி நாட்டிற் பிள்ளைப் பருவத்தைக் கழித்த ஒசெலோ மறுத்துவிட்டார். மறுத்தது முற்றிலும் நியாயமே.

குழந்தைகளின் ஒழுக்கத்தைக் காப்பதாகக் கூறுவோர் உண்மையில் எதனைக் காக்கின்றனர்? 1994 இல் வெளிவந்த டிஸ்னியின் ‘தி லயன் கிங்’ படமும் ஆபிரிக்காவையே காட்டிற்று. அங்கு மனிதர் ஒருவரேனும் இல்லை. அதனை விற்க எவரும் தயங்கவில்லை. மனிதரற்ற ஆபிரிக்கா குழந்தைக்கு உகந்தது, மனிதர் தம் உடலோடு வாழும் ஆபிரிக்கா ஆபாசமானது என்பது விந்தையான அறநெறி!

மூலக்கதையை ஏட்டிலேற்றியவர் குடியேற்ற ஆட்சியின் பிரெஞ்சு அதிகாரி ஒருவர் என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் படத்தின் இசை செனகலின் யூசு என்டூருடையது. பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தோரும் ஆபிரிக்கரே.

சூனியக்காரி கரபாவின் கொடுமைக்குக் காரணம், ஆடவர் அவள் முதுகில் ஏற்றிய நச்சுமுள். கிரிக்கூ அவளைக் கொல்லவில்லை. அம்முள்ளைப் பல்லாற் பிடுங்குகிறான். பெண்ணொருத்திக்கு இழைக்கப்பட்ட அநீதியைச் சிறுவருக்கு இத்துணை நேராகச் சொன்ன படத்தில், அவர்கள் கண்டது மார்பை மட்டுமே.