காற்பாதையும் கணிப்பொறியும்

கொல்லிமலை ஏறுவோரிற் பெரும்பாலோர் இக்காலத்துப் பேருந்தில் அமர்ந்து, எழுபது கொண்டையூசி வளைவுகளையும் வேடிக்கை பார்த்தவாறே கடந்துவிடுகின்றனர். மலைச்சாலை அமையுமுன், குண்டூர் நாடு முதலிய மலைநாட்டு மக்கள் விளைபொருளைத் தலைமேற் சுமந்து ஒற்றையடிப் பாதைகளில் இறங்கி ஏறினர். சாலை வந்தது நன்றே; அதனை வேண்டாவென்பார் ஒருவருமிலர். எனினும், ஒருமுறையேனும் காலால் நடந்தவனே மலையின் சரிவையும் சுனையையும் அறிவான். கணிப்பொறி பயிலும் மாணாக்கர்க்கு யாம் சொல்ல விழைவதும் இதுவே.

சி மொழி 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டென்னிஸ் ரிட்சி என்பாரால் ஆக்கப்பெற்றது. 1989-இல் அந்நாட்டிலும், 1990-இல் உலகளாவிய முறையிலும் அதற்கு நியமம் வகுக்கப்பட்டது. அந்நியமத்துள் அடங்கியதே அதன் நிலைநூலகம். மாணாக்கர் ‘பிரிண்ட்எஃப்’ என ஒரு வரி எழுதுகின்றனர். திரையில் எழுத்துத் தோன்றுகின்றது. இடையே நிகழ்ந்தது யாதெனின் விடை கூறுவோர் சிலரே. ஆகலின், கணிப்பொறி மாணாக்கர் ஒவ்வொருவரும் பட்டம் பெறுமுன் அந்நூலகத்தின் துணையின்றிச் சிறு நூலகமொன்றைத் தாமே இயற்றுதல் வேண்டுமென்பது எம் துணிபு.

அங்ஙனம் இயற்றப் புகுவார் முதலில் அறிவது, நிரல் ‘மெயின்’ என்பதிலிருந்து தொடங்குவதன்று என்பதே. லினக்ஸ் கெர்னல் ‘ஸ்டார்ட்’ என வழங்கும் வேறொரு வாயிலில் நிரலை விட்டுச் செல்கின்றது. அங்கிருந்து மெயினை அழைப்பதும், முடிவில் விடைபெறுவதும் நம் கடனாகின்றன. எழுத்தை வெளியிடக் கெர்னலை நேரே வேண்டுதல் வேண்டும். அவ்வேண்டுகோளின் எண் இன்டெல் வகை 64-பிட் பொறிகளில் 1; ரிஸ்க்-ஃபைவ் பொறிகளில் 64. நூறு எழுத்துக்களை எழுதுகவென்றால், கெர்னல் அறுபதை மட்டும் எழுதி, அவ்வெண்ணையே விடையாகத் தருதலும் உண்டு. எஞ்சிய நாற்பதைக் கவனியாதவன் தரவை இழப்பான். இதுகாறும் இப்பொறுப்பை வேறொருவர் நமக்காகச் சுமந்தனர் என்பது அப்பொழுதே விளங்கும்.

இன்னும் வியப்பானதொன்றுண்டு. நினைவகத்தில் ஓரிடத்துள்ளதை மற்றோரிடத்திற்கு நகலெடுக்கும் ‘மெம்காப்பி’ என்பதை ஒருவன் எளிய சுழற்சியாக எழுதுவான். ஜிசிசி என்னும் தொகுப்பி அதனைக் கண்டு, ‘இது மெம்காப்பியன்றோ’ எனத் தெளிந்து, அச்சுழற்சியை மெம்காப்பிக்கான அழைப்பாகவே மாற்றிவிடுதல் கூடும். அந்நிலையில் நிரல் தன்னையே ஓயாது அழைத்து வீழும். நூலகத்தை நாம் துறந்தாலும், அஃது உண்டென்னும் எண்ணத்தைத் தொகுப்பி துறப்பதில்லை. இப்பாடத்தைத் தவறு செய்தே கற்றல் இயலும்.

“ஆயின், தொழிலிலும் அவ்வாறே செய்யலாமோ?” எனின், அன்று. கூகுள் நிறுவனத்தார் 2009-இல் வெளியிட்ட கோ மொழி, ஆப்பிளின் மேக் பொறிகளிலும் நூலகத்தை நாடாது கெர்னலை நேரே அழைத்து வந்தது. 2016-இல் ஆப்பிள் நிறுவனம் நேரமறியும் அழைப்பொன்றின் உள்முறையை மாற்றவே, பழைய கோ நிரல்கள் பழுதுற்றன. 2018 முதல் கோ மொழியார் ஆண்டு ஆப்பிளின் நூலகத்தையே தழுவினர். கெர்னலின் அழைப்புக்களை மாறாது காக்கும் உறுதி லினக்ஸிற்கு உண்டு. எங்கும் உண்டென்று கொள்ளுதல் பிழை.

இம்முயற்சி மாணாக்கரின் ஆற்றலுக்கு மேற்பட்டதுமன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தார் 2006 முதல் பாடமாக வைத்துள்ள ‘எக்ஸ்வி6’ என்னும் சிறு இயக்குதளம் தன் நூலகத்தைத் தானே உடையது. அதன் பிரிண்ட்எஃப் ஒவ்வோர் எழுத்திற்கும் ஒருமுறை கெர்னலை அழைக்கும். மெதுவானதுதான், ஆயின் ஒரே மாலையில் முழுதும் படித்தறியத்தக்கது.

நம் நாட்டிற்கோ இத்தேவை மிகுதி. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தித் திட்டத்தில் உருவாகிய ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலி 2018-இல் சண்டிகரிலேயே வார்க்கப்பெற்றது. சொந்தச் செயலி அமைந்தும், இயக்குதளமற்ற சிறு கருவியில் முதல் எழுத்தைத் தோற்றுவிக்க வல்லார் இலரேல், அதனாற் பயனென்னை?

எனவே, இளைஞர்காள், ஒருமுறை நடந்து ஏறுமின். மறுமுறை பேருந்திலேயே செல்லுமின். ஆயின் பேருந்து வழியில் நின்றுவிடின், இறங்கி நடக்க வழி தெரிந்தவராய்ச் செல்லுமின்.