கறிவேப்பிலையா கவிதை?

குட்டீஸ்! கோவையிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் வழியில் காரமடை இருக்கிறது. அரங்கநாதர் கோவிலும், மாசித் தேரும் அந்த ஊருக்குப் பெருமை. சுற்றுவட்டாரத்தில் கறிவேப்பிலைத் தோட்டங்களும் ஏராளம். பாடுபட்டு வளர்த்து, பறித்து, கட்டுக்கட்டாக வெளியூருக்கு அனுப்புகிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? ரசம் மணக்க அதைப் போட்டுவிட்டு, சாப்பிடும்போது பொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி விடுகிறோம்!

பாடப் புத்தகத்தில் உள்ள கவிதைக்கும் இதே கதிதான். மனப்பாடப் பகுதி என்றால் உருப்போடுகிறோம். தேர்வு முடிந்ததும் ஒதுக்கி விடுகிறோம். உங்கள் வயதில் நானும் அப்படித்தான் செய்தேன்.

'மார்க் வாங்கியாச்சு, அப்புறம் எதுக்குப் படிக்கணும்?' என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். சொல்கிறேன், கேளுங்கள்.

மழை பெய்ததும் செம்மண் தோட்டத்தில் ஓடும் தண்ணீரைப் பார்த்திருப்பீர்கள். அதில் மண் எது, தண்ணீர் எது என்று பிரிக்க முடியுமா? ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் அதைப் பார்த்தார். முன்பின் தெரியாத இருவரின் மனங்கள் அன்பால் கலப்பதற்கு அதையே உவமையாக்கினார். குறுந்தொகையில் 40வது பாட்டு அது. மொத்தம் ஐந்தே அடிகள்! அந்தப் புலவரின் சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் சொன்ன உவமையை வைத்தே, 'செம்புலப் பெயனீரார்' என்று பெயர் சூட்டி விட்டனர். பெயர் மறைந்தாலும் பாட்டு மறையவில்லை. ஏ.கே.ராமானுஜன் அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். லண்டன் சுரங்க ரயிலில் போனவர்களும் அதைப் படித்தனர்.

பழைய பாட்டுதான் கவிதை என்று நினைக்க வேண்டாம். பொள்ளாச்சிப் பக்கம் பிறந்த கவிஞர் சிற்பி, தன் கிராமத்து ஆற்றைப் பற்றி எழுதிய, 'ஒரு கிராமத்து நதி' நூலுக்கு, 2002ல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. செம்மண்ணும் ஆறும் நாம் தினமும் பார்ப்பவைதானே? பார்த்தும் பாராமல் போவதை நிறுத்திக் காட்டுவது கவிதை.

இன்னொன்றும் உண்டு. உயிர் நண்பன் வேறு ஊருக்குப் போய்விட்டால், மனசுக்குள் என்னவோ செய்யும். ஆனால், சொல்லத் தெரியாது. அப்படிச் சொல்லத் தெரியாததற்குச் சொல் தருவதும் கவிதைதான். எந்தக் கணக்கு நோட்டிலும் அது கிடைக்காது!

மனப்பாடம் செய்வது தவறில்லை. அதோடு நிறுத்துவதுதான் தவறு.

இந்த வாரம், தேர்வுக்கு இல்லாத ஒரு கவிதையை எடுங்கள். வாய்விட்டு இரண்டு முறை படியுங்கள். புரியாத சொல்லுக்கு ஆசிரியரிடமோ, தாத்தா பாட்டியிடமோ பொருள் கேளுங்கள். கறிவேப்பிலையை மென்று பார்த்தவருக்குத்தானே அதன் ருசி தெரியும்? ஒதுக்காமல் மென்று பாருங்கள், செல்லங்களே!