எங்கே அந்தப் பெட்டி?

கன்ட்ரோலையும் எஃப்பையும் சேர்த்து அழுத்தினால் 'தேடு' என்று அர்த்தம். வேர்டில் தேடல் பெட்டி இடது ஓரம், குரோமில் வலது மேல் மூலை, ஃபயர்ஃபாக்ஸில் காலடி. எக்ஸெலில், சில சமயம் தேடின நம்பரையே மறைத்துக்கொண்டு குதிக்கும். முதலில் பெட்டியைத் தேட வேண்டியிருக்கு சார்!

இதையாவது பொறுத்துக்கொள்வேன். அவுட்லுக்கில் அதே சாவிகளுக்கு 'ஃபார்வர்டு'! மேனேஜரைத் திட்டி நண்பன் அனுப்பிய மெயிலில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயர் நேரே 'பெறுநர்' கட்டத்தில் போய் உட்காரும். (அங்கே தேட கன்ட்ரோல்-இ. குறித்துக்கொள்ளுங்கள், வேலை முக்கியம்.)

இதன் முன்னோடியான எக்ஸ்சேஞ்சில் ஒழுங்காகத்தான் இருந்ததாம். 1995 வாக்கில், வெள்ளோட்டம் பார்த்த ஒருவர் 'எனக்கு ஃபார்வர்டுதான் பழக்கம்' என்றார். மாற்றிவிட்டார்கள். அவர் பெயர் பில் கேட்ஸ்.

நான் இன்கிரிமென்ட் கேட்டதற்கே இன்னும் பதில் இல்லை.