கூடம் கோணலா? அளந்து பார்ப்போமே!



"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்." பூப்பந்து விளையாடும்போது நாங்க பேட்டைக் குறை சொன்னால் உடனே இந்தப் பழமொழிதான் வரும். என் கருத்து இதுதான்: கூடம் நிஜமாவே கோணலா இல்லையா என்று முதலில் அளந்து பாருங்கள். பிறகு பழமொழி சொல்லுங்கள்.

நம் பள்ளியில் புது நரம்பு போட்ட பேட் முதலில் பையன்களுக்குப் போகிறது. அடித்து அடித்துத் தொய்ந்த பிறகுதான் எங்கள் கைக்கு வருகிறது. அதில் அடித்த பந்து கோட்டைத் தாண்டினால், "பொம்பளப் பிள்ளைங்களுக்குக் கன்ட்ரோல் இல்ல" என்கிறார்கள். இது நியாயமா?

கயிற்றுக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். தொய்ந்த கட்டிலில் உட்கார்ந்தால் குழி விழும். தொய்ந்த நரம்பிலும் பந்து அப்படித்தான் அமுங்கும். நரம்பு நன்றாக இழுபட்டு, உண்டிவில் ரப்பர் மாதிரி பந்தை வீசிவிடும். பந்து தூரமாகப் போகும். இறுக்கமான நரம்பு அவ்வளவு வீசாது. அதனால் பயப்படாமல் முழுக்கையும் வீசி அடிக்கலாம், பந்து உள்ளேயே விழும்.

நாங்கள் நாலு பேர் ஒரு சனிக்கிழமை இதைச் சோதித்தோம். ஒரே நீளம், ஒரே எடையுள்ள இரண்டு பேட். நகத்தால் சுண்டினால் ஒன்று 'டிங்' என்றது, மற்றது 'டொப்' என்றது. பின்கோட்டுக்கு முன்னால் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டோம். ஒவ்வொருத்தியும் ஒவ்வொரு பேட்டிலும் பத்துப் பந்து அடித்தோம். கை சோர்ந்து கணக்கு மாறக் கூடாது என்று இரண்டு பேர் டிங் பேட்டில் தொடங்கினோம், இரண்டு பேர் டொப் பேட்டில். 40 பந்துகளில் டிங் பேட்டில் 25 கட்டத்துக்குள் விழுந்தன. டொப் பேட்டில் 14 தான். தவறியதில் பாதிக்கு மேல் கோட்டைத் தாண்டிப் போனவை.

ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களில் சின்னவளுக்கு மட்டும் டிங் பேட்டில் 4, டொப் பேட்டில் 6. "டிங்ல அடிச்சா பந்து அங்க போய்ச் சேரவே மாட்டேங்குதுடி" என்றாள். ஆகவே இறுக்கினால் எல்லாருக்கும் நல்லது என்று நான் சொல்லவில்லை. அவரவர் கைக்கு ஒரு இறுக்கம் உண்டு.

டென்னிஸிலும் இப்படித்தான். 1976 முதல் 1980 வரை தொடர்ந்து ஐந்து முறை விம்பிள்டன் வென்ற பியோர்ன் போர்க், சுமார் 36 கிலோ இழுவிசையில் நரம்பு கட்டுவாராம். பிரான்ஸ் வீரர் மன்னாரினோ அதில் பாதி கூட வைப்பதில்லை. 2023-ல் மட்டும் மூன்று பட்டம் வென்றார். இரண்டு பேரும் தனக்கு எது சரி என்று கண்டுபிடித்து, அதிலேயே ஆடினார்கள்.

"நரம்பா ஆடுது? கைதானே ஆடுது" என்று கேட்பீர்கள். உண்மைதான். ஆனால் திங்கள்கிழமை ஒரு இறுக்கம், புதன்கிழமை வேறொரு இறுக்கம் என்று ஆடினால் கை எதைப் பழகும்?

நாங்கள் புது பேட் கேட்கவில்லை. பி.டி. சாரிடம் கேட்பது மூன்றுதான். ஒன்று, பெண்கள் அணியின் இரண்டு பேட்டுக்குப் புது நரம்பு, ஒன்று இறுக்கமாக, ஒன்று கொஞ்சம் தளர்வாக. இரண்டு, எந்த பேட்டுக்கு எப்போது நரம்பு போட்டது என்று எழுத ஒரு நோட்டு. ஏனென்றால் சும்மா மாட்டி வைத்தாலும் நரம்பு தளரும். மூன்று, பேட்டுகளை வெயில் படும் ஜன்னலில் மாட்டாமல் அறைக்குள் வைக்க வேண்டும்.

இதெல்லாம் செய்த பிறகும் பந்து வெளியே போனால் எங்களைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறோம். அதுவரை அந்தப் பழமொழியைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள்!

— ஒன்பதாம் வகுப்பு மாணவி