கடைசி நாளில் கைபிடிக்க யார்?

பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் மருத்துவச்சி இருக்கிறாள். உயிர் பிரியும்போது பக்கத்தில் இருப்பது யார்?

மேல்நாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு 'டூலா' என்று பெயர். இது கிரேக்கச் சொல். பணிப்பெண் என்று பொருள். மருந்து கொடுப்பது இவர்கள் வேலை அல்ல. நோயாளியின் அருகில் உட்காருவார்கள். அவர் பேசுவதைக் கேட்பார்கள். யாரைப் பார்க்க ஆசை, எங்கே இருக்க விருப்பம் என்று விசாரித்து வீட்டாருக்குச் சொல்வார்கள். இரவெல்லாம் கண் விழித்த மனைவியைக் கொஞ்சம் தூங்கச் சொல்வார்கள்.

"நமக்கு எதற்கு இது? சொந்தபந்தம் இருக்கிறதே!" என்று கேட்பீர்கள்.

இருக்கிறது. ஆனால் காரிமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். வீட்டில் கிழவரும் கிழவியும்தான். புற்றுநோய் முற்றிய கிழவரை, "இனி வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டால், கிழவி ஒருத்தியாக என்ன செய்வாள்?

வீடு தேடி வரும் நர்சு

அடுத்த மாவட்டமான கிருஷ்ணகிரியில், சாமனப்பள்ளி கிராமத்தில், 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டில் கொண்டுவந்து தருவது மட்டும் அல்ல அதன் வேலை. படுத்த படுக்கையானவர்களின் வலியைத் தணிக்க நர்சு வருவதும் அதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

கடும் வலிக்கு 'மார்பின்' என்ற மருந்து இருக்கிறது. போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் முன்பு அது கிடைப்பதே அரிது. 2014-ல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி வழியை எளிதாக்கியது. வலியைப் பொறுத்துக்கொண்டே சாக வேண்டும் என்ற விதி இல்லை!

ஊர் கூடினால்...

நர்சு வந்து போன பிறகு? அதற்குக் கேரளம் வழி காட்டியது. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர்கள் ஒரு வலி தணிப்புச் சங்கம் தொடங்கினார்கள். பிறகு ஊர்மக்களே தொண்டர்களாகச் சேர்ந்து, அக்கம்பக்கத்து நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையே வகுத்தது.

நோய் தீராது என்பது வேறு. செய்ய ஒன்றும் இல்லை என்பது வேறு.

இழவு விழுந்தால் ஊரே திரள்கிறது, பந்தல் போடுகிறது, மாலை வாங்குகிறது. அந்தக் கூட்டத்தில் பத்துப் பேர், ஒரு மாதம் முன்னதாக, ஆளுக்கு ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்தால் போதும். மாலையின் மணம் போனவருக்குத் தெரியாது. பிடித்த கையின் சூடு, இருக்கிறவருக்குத் தெரியும்.