காருக்கும் பத்துப் பொருத்தம்

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். கட்கியில் வெடிபொருள் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் வட ஆற்காடு. மூன்று தலைமுறையாகப் புணே வாசம். தமிழ் பேசுவார், மராத்தி படிப்பார், ஆங்கிலம் என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுவார். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் அப்படித் தட்டியபோது கையில் ஒரு கார் பத்திரிகை இருந்தது. மூன்று சின்ன கார்களை ஒப்பிட்டு எழுதப்பட்ட ஆறு பக்கக் கட்டுரை. "தம்பி, இதுல என்ன சொல்றான்னு பாரு. மகளுக்கு வாங்கித் தரணும். தினம் ஹிஞ்ஜவடி போய் வரா."

மொழிபெயர்ப்பு எனக்குப் பிழைப்பு. ஆனாலும் அன்று திணறினேன். வண்டி வளைவில் சாய்கிறது என்று எழுதியிருந்தது. "எவ்வளவு வேகத்துல?" என்று கேட்டார். நூறுக்கு மேல் என்றேன். "போபோடி சிக்னல்ல இருந்து தாபோடி பாலம் தாண்டவே இருபது நிமிஷம் ஆகுது" என்றார். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மலிவாகத் தெரிகிறது என்று அடுத்த வரி. "மலிவான கார்ல மலிவான பிளாஸ்டிக்தானே இருக்கும்? சந்தனக் கட்டையா இருக்கும்?" ஆறு பக்கத்தில் அவர் குறித்துக்கொண்டவை இரண்டே வரி: பின் இருக்கையில் மூன்று பேர் உட்காரலாம், குழியில் இறங்கினால் அதிகம் தூக்கிப் போடாது.

அவர் செய்ததைத்தான் இந்தியாவில் சின்ன கார் வாங்குகிற எல்லோரும் செய்கிறார்கள். விமர்சனத்தைத் தூக்கி எறிவதில்லை, சலித்துக்கொள்கிறார்கள். விமர்சகர் பல வண்டிகளை ஓட்டியவர். ஆனால் ஒவ்வொன்றையும் சில நாட்கள் மட்டும். எரிபொருள் அவர் காசு இல்லை, சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். வாங்குகிறவரோ ஒரே வண்டியை ஏழெட்டு வருஷம் ஓட்டப் போகிறவர், அதில் ஐந்து வருஷம் தவணை கட்டப் போகிறவர். ஒருவருக்கு அகலம் தெரியும், மற்றவருக்கு ஆழம் தெரியும்.

இந்தச் சலிப்புக்கு ஒரு சரித்திரம் உண்டு. அம்பாஸடரும் ஃபியட்டும் மட்டும் இருந்த காலத்தில் கார் விமர்சனத்துக்கு வேலையே இல்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவரிடம் குறை சொல்லி என்ன பயன்? 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. அதன் மெல்லிய தகரத்தைக் கேலி செய்தவர்களும் பெயர் கொடுத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். 1993இல் கார் தயாரிப்புக்கு லைசென்ஸ் தேவை நீக்கப்பட்டது. 1998இல் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்திலிருந்து ஹூண்டாய் சான்ட்ரோ, தாய்வூ மாட்டிஸ், ஆண்டின் கடைசி வாரத்தில் டாடா இண்டிகா என்று வரிசையாக இறங்கின. தேர்ந்தெடுக்க நாலு பொருள் வந்த பிறகுதான் தரம் பிரித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டது. 'ஓவர்டிரைவ்', 'ஆட்டோகார் இந்தியா' போன்ற பத்திரிகைகள் அந்த இரண்டு வருஷங்களில் தொடங்கியது தற்செயல் அல்ல.

இவற்றில் இண்டிகா எங்கள் ஊர்ச் சரக்கு. போபோடியில் மெட்ரோ ஏறினால் ஆறாவது நிறுத்தத்தில் பிம்ப்ரி. ஆஸ்திரேலியாவில் நிஸ்ஸான் மூடிவிட்டுப் போன ஆலையின் இயந்திரங்களைப் பிரித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, இந்தப் பக்கத்தில்தான் டாடா நிறுவியது. முழுப் பணம் கட்டி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்தார்கள். வண்டி கைக்கு வந்ததும் புகார்களும் வந்தன. முதலில் வாங்கியவர்கள் பட்ட பாடு நிஜம். நிறுவனம் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 2001இல் திருத்திய பதிப்பை 'வி2' என்ற பெயரில் கொண்டுவந்தது. பிறகு டாக்ஸிக்காரர்கள் அதைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்கள். டீஸல் அன்று பெட்ரோலைவிட வெகு மலிவு. ஐந்து பேர், கூரை மேல் மூட்டை, புணேயிலிருந்து நாசிக் வரை ஒரே மூச்சு. கதவு சாத்தும் சத்தம் எப்படி இருக்கிறது என்று எந்த டாக்ஸிக்காரரும் கேட்கவில்லை.

இதே வண்டி 2003இல் கடல் கடந்தது. எம்.ஜி. ரோவர் நிறுவனம் இதற்கு 'சிட்டிரோவர்' என்று பெயரிட்டு பிரிட்டனில் விற்றது. விலை ஆறாயிரம் பவுனுக்கு மேல். ஆங்கில விமர்சகர்கள் பிய்த்து எடுத்தார்கள். பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சிக்குச் சோதனை வண்டி தர நிறுவனம் மறுத்துவிட்டது. ஜேம்ஸ் மே சாதாரண வாடிக்கையாளரைப் போல ஷோரூமுக்குப் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து திட்டினார். வண்டி விற்கவில்லை. 2005இல் ரோவரே திவாலானது. ஒரே ஆலை, ஏறக்குறைய அதே கார். அங்கே கேலிப்பொருள், இங்கே பிழைப்பு. விமர்சகர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. அந்த விலைக்கு அங்கே வேறு நல்ல வண்டி கிடைத்தது, இங்கே கிடைக்கவில்லை. விமர்சகரின் அளவுகோல் அவர் நிற்கும் கடைத்தெருவில் செய்யப்பட்டது. இதை வாங்குகிறவர்கள், யாரும் சொல்லித் தராமலே, புரிந்துவைத்திருக்கிறார்கள்.

நேர்மாறான கதையும் எங்கள் ஊரில்தான் பிறந்தது. பிம்ப்ரியில் வடிவமைக்கப்பட்ட நானோவை 2008 ஜனவரியில் டில்லியில் ரத்தன் டாடா அறிமுகப்படுத்தியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. கார் பத்திரிகையாளர்கள் நடுவர்களாக இருந்து வழங்கும் 'ஆண்டின் சிறந்த இந்தியக் கார்' விருது 2010இல் அதற்குக் கிடைத்தது. விமர்சகர்கள் மெச்சினார்கள், மக்கள் வாங்கவில்லை. ஆண்டுக்கு இரண்டரை லட்சம் கார் செய்யக் கட்டிய ஸானந்த் ஆலையில், விற்பனை உச்சத்தில் இருந்த 2011-12லேயே 75,000ஐ எட்டவில்லை. 2018 ஜூனில் அந்த மாதம் முழுவதற்குமாக ஒரே ஒரு நானோ தயாரானது. சிங்கூர்ப் போராட்டத்தால் வந்த தாமதம், சில வண்டிகள் தீப்பிடித்த செய்திகள் என்று காரணங்கள் பல. 'உலகிலேயே மலிவான கார்' என்ற பட்டம் அவற்றில் பெரியது. இருக்கிற ஸ்கூட்டரை விற்றுக் கார் வாங்குகிறவன் தெருவில் தலை நிமிர்ந்து இறங்க ஆசைப்படுகிறான். எஞ்சின் பின்னால் இருப்பதன் அழகை விமர்சகர் ரசிக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரின் பார்வையை அவர் அளந்து சொல்ல முடியாது.

இதுவரை சொன்னதை வைத்து, வாங்குகிறவர் கெட்டிக்காரர், விமர்சகர் ஏட்டுச் சுரைக்காய் என்று தீர்ப்பெழுதிவிடலாம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பெரியவர்தான் தடுத்தார்.

பத்திரிகையை மூடிவைத்துவிட்டு அவர் நேரடி விசாரணையில் இறங்கினார். கீழே நிற்கும் வண்டிகளின் சொந்தக்காரர்களை ஒருவர் விடாமல் கேட்டார். எல்லோரும் தன் வண்டிதான் சிறந்தது என்றார்கள். "மைலேஜ் கேட்டா ஆளாளுக்கு ரெண்டு கிலோமீட்டர் கூட்டிச் சொல்றாங்க" என்றார். மைலேஜ் விஷயத்தில் கம்பெனிக் கணக்கும் அப்படித்தான். கோத்ரூட் பக்கம் குன்றின் மேல் இருக்கிற ஏ.ஆர்.ஏ.ஐ. பரிசோதனைக் கூடத்தில் உருளைகள் மேல் நிறுத்தி, விதித்த வேகங்களில் இருபது நிமிஷம் போல ஓட்டிக் கணக்கெடுக்கிறார்கள். வண்டிக்கு வண்டி ஒப்பிட அது உதவும். நம் தெருவில் அதே எண்ணிக்கை கிடைக்காது.

சொந்தக்காரர் கூட்டிச் சொல்வதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பெண் பார்த்து முடித்த பிறகு ஜாதகம் பார்க்கிறவர்கள் உண்டு. பத்தில் ஏழு பொருந்தினால் போதும், மற்ற மூன்றுக்கும் பரிகாரம் கிடைத்துவிடும். அப்படித்தான், ஆறு லட்சம் கொடுத்த பிறகு குறை கண்டால் அது வண்டியின் குறையாக இருக்காது, தன் புத்தியின் குறையாகிவிடும். கொடுத்த காசுதான் பேசுகிறது. நானே அப்படிப் பேசியவன். என் முதல் கார் மழையில் உள்ளே ஒழுகும். மூன்று வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. விற்ற மறுநாள் எல்லோரிடமும் சொன்னேன்.

பெரியவர் அதனால் கேள்வியை மாற்றினார். "வண்டி எப்படி?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "அடுத்த தடவையும் இதையே வாங்குவீங்களா?" என்று கேட்டார். பாதிப் பேர் யோசித்தார்கள். ஒருவர், "பார்க்கணும்" என்றார். அந்த ஒரு சொல் ஆறு பக்கக் கட்டுரைக்கு மேல் என்றார் பெரியவர். பிறகு சௌக்கில் இருக்கும் மெக்கானிக்கிடம் போனார். எந்த வண்டி அடிக்கடி வருகிறது, பாகம் எத்தனை நாளில் கிடைக்கும், ஐந்து வருஷம் கழித்து என்ன விலைக்குப் போகும்? மூன்றும் சரியான கேள்விகள். பழைய காரின் விலையில் ஊரிலுள்ள எல்லாச் சொந்தக்காரர்களின் அபிப்பிராயமும் சேர்ந்திருக்கிறது. அங்கே யாரும் கூட்டிச் சொல்ல முடியாது. மாருதியின் பலமே அதுதான். ஜே.டி. பவர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் திருப்திக் கணிப்பில் 2000த்திலிருந்து பல ஆண்டுகள் அது தொடர்ந்து முதலிடம் பிடித்ததும் சர்வீஸ் நிலையங்களால்தான்.

எல்லாம் விசாரித்து முடித்து ஒரு ராத்திரி வந்து உட்கார்ந்தார். "ஒண்ணு மட்டும் யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல தம்பி. மோதினா என்ன ஆகும்?"

நான் பதில் சொல்லவில்லை. சொந்தக்காரரின் அனுபவம் நின்றுபோகிற இடம் அது. நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டியவருக்கும் அது தெரியாது. தெரிந்துகொண்டவர்களில் சிலர் நமக்குச் சொல்ல இல்லை. மெக்கானிக்குக்கும் தெரியாது. விமர்சகருக்குமே தெரிந்திருக்கவில்லை என்பதுதான் கசப்பான பகுதி. 2014 ஜனவரி கடைசியில் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவின் ஐந்து சின்ன கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுப் பார்த்தது: ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. காற்றுப்பை இல்லாத அடிப்படை மாடல்கள். ஐந்துக்கும், பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நட்சத்திரம் ஒன்றுகூட இல்லை. இந்த ஐந்தில் ஐ10, நானோ, ஃபிகோ மூன்றும் 2008, 2010, 2011 ஆண்டுகளின் 'சிறந்த இந்தியக் கார்' விருது பெற்றவை. நடுவர்கள் ஓட்டிப் பார்த்தவர்கள். மோதிப் பார்த்தவர்கள் அல்ல.

அந்தச் சோதனை இன்னொன்றையும் காட்டியது. ஃபிகோ, போலோ இரண்டின் உடற்கூடும் மோதலைத் தாங்கி நின்றது. காற்றுப்பை இருந்தால் அவற்றில் உயிர் பிழைக்க வழி உண்டு. இரண்டு காற்றுப்பை வைத்த போலோ நான்கு நட்சத்திரம் பெற்றது. காற்றுப்பை இல்லாத மாடலை நிறுவனம் விலக்கிக்கொண்டது. மற்ற மூன்றின் கூடே தாங்கவில்லை. அதில் பையை மட்டும் வைத்து என்ன பயன்? பிறகு சட்டம் வந்தது. 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். 2021 கடைசியிலிருந்து முன்னால் உட்காருகிற மற்றவருக்கும். 2023 அக்டோபரில் பாரத் என்கேப் என்று நம் நாட்டுக்கே ஒரு நட்சத்திரத் திட்டம் தொடங்கியது. ஆனால் அதில் சேருவதை நிறுவனத்தின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

வாங்குகிறவர்கள் இதையும் தம் சல்லடையில் போட்டுத்தான் பார்க்கிறார்கள். 2023 ஏப்ரலில் வாகன்ஆர் குளோபல் என்கேப்பில் ஒரு நட்சத்திரம் பெற்றது; அதற்கு முந்தைய மாதம் முடிந்த நிதியாண்டில் நாட்டிலேயே அதிகம் விற்ற கார் அதுதான். அடுத்த நிதியாண்டிலும் அதுவே. நட்சத்திரத்தால் வீட்டுச் செலவு குறைவதில்லையே. ஆனால் 2024ஆம் ஆண்டுக் கணக்கில் முதலிடம் டாடா பஞ்சுக்குப் போனது. 2021இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டி. நாற்பது ஆண்டுகளாக மாருதி வைத்திருந்த இடம் அது. உயரமான தோற்றம், சி.என்.ஜி., விலை எல்லாம் சேர்ந்து விற்றிருக்கும். நட்சத்திரமும் பத்துப் பொருத்தத்தில் ஒன்றாக உள்ளே வந்துவிட்டது என்பது எனக்கு ஆறுதல்.

ஒன்றாக மட்டும் வந்தால் போதாது என்பதுதான் என் கட்சி. மற்ற ஒன்பதையும் நீங்கள் உங்கள் அனுபவத்தால் திருத்திக்கொள்ளலாம். மைலேஜ் குறைந்தால் மெதுவாக ஓட்டலாம், இருக்கை உறுத்தினால் மெத்தை போடலாம். பத்தாவது தப்பானால் பரிகாரம் கிடையாது. விமர்சகர் சொல்லும் நூறில் தொண்ணூறை உங்கள் தெருவுக்கு ஏற்றபடி தள்ளிவிடுங்கள். மோதல் சோதனையைத் தள்ளாதீர்கள். எந்த மாடலைச் சோதித்தார்கள், நீங்கள் வாங்கப் போவதும் அதேதானா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி சின்ன கார்களின் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. பெரியவர் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தார். முதலில் நினைத்த வண்டியில் மிச்சமான பணத்துடன் இன்னும் கொஞ்சம் போட்டால் ஐந்து நட்சத்திர வண்டி ஒன்று கைக்கெட்டியது. மைலேஜ் சற்றுக் குறைவு. மெக்கானிக் அதைவிட மற்றதைத்தான் சொன்னார். பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பொண்ணு போறா இல்ல" என்றார்.

தீபாவளிக்கு முன்பே வண்டி வந்து எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி நின்றது. இப்போது கட்டடத்தில் யார் கார் வாங்குவதானாலும் அவரிடம் வருகிறார்கள். போன வாரம் ஒருவர் "வண்டி எப்படிங்க?" என்று கேட்டதை நானே கேட்டேன்.

"பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடட்டும், சொல்றேன்" என்றார்.