பழைய மொடத்தை நாமே கவனிப்போம்



தையலுக்கு ஓடர் எடுப்பதும், வெளிநாட்டிலிருந்து வந்த காசை வங்கிக் கணக்கில் பார்ப்பதும், பிள்ளையின் பாடமும் இன்று இணையத்தோடு வந்துவிட்டன. தொலைபேசி வயர் வழியாக இணையம் பெறும் வீடுகளில் இவையெல்லாம் மொடம் என்னும் சிறு பெட்டியில் தங்கியுள்ளன. அது பழுதானால், "ஆம்பிளை ஆள் ஒருவர் வந்து பார்க்கட்டும்" என்று நம்மில் பலர் காத்திருக்கிறோம். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்ணுக்கு அந்தக் காத்திருப்பே ஒரு நட்டம்தான். முதற் சோதனைகளை நாமே செய்யலாம்.

முதலில் விளக்குகளைப் பாருங்கள். டி.எஸ்.எல். விளக்கு விடாமல் மின்னினால் மொடம் லைனைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். தொலைபேசியை எடுத்துக் கேளுங்கள். கரகரப்பு இருந்தால் பழுது பெரும்பாலும் வயரில்தான். ஒரே செப்பு வயரில் பேச்சும் இணையமும் வெவ்வேறு அதிர்வெண்களில் போகின்றன. இரண்டையும் பிரிப்பது பில்டர் என்னும் சிறு பெட்டி. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மொடத்தை மட்டும் லைனில் நேரே பூட்டுங்கள். விளக்கு நிலைத்து எரிந்தால் பில்டரை அல்லது வீட்டின் உள்வயரை மாற்றினால் போதும். அப்போதும் மின்னினால் கம்பனிக்கு முறையிடுங்கள்.

மொடம் அடிக்கடி தானாக நின்று எழும்பினால் சூடும் பழைய அடப்டரும் காரணமாகலாம். காற்றுப்படும் இடத்தில் வையுங்கள். புதிய அடப்டர் அதே வோல்ட் அளவுடையதாக இருக்க வேண்டும். இடி முழக்கத்தின்போது மின்வயரை மட்டுமல்ல, தொலைபேசி வயரையும் கழற்றிவிடுங்கள்.

மொடத்தை இயக்கும் மென்பொருளுக்கு ஃபேர்ம்வேர் என்று பெயர். அது பழையதாக இருந்தால் திருடர் நுழைய வழியுண்டு. பிரேசிலில் 2011ஆம் ஆண்டில் இப்படியான குறையினால் சுமார் 45 இலட்சம் மொடங்களின் அமைப்புகள் மாற்றப்பட்டன. வங்கியின் முகவரியைச் சரியாக எழுதியவர்கள்கூடப் போலிப் பக்கங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள்.

ஃபேர்ம்வேரைப் புதுப்பிக்க முன் கம்பனியிடம் கேளுங்கள். சில மொடங்களைக் கம்பனியே தூரத்திலிருந்து புதுப்பித்துவிடும். நீங்களே செய்வதானால், மொடத்தின் அடியில் உள்ள மொடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் பார்த்து, அதற்கே உரிய கோப்பைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். இணைப்பின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முதலில் கொப்பியில் எழுதி வையுங்கள். ரீசெட் துளையை அழுத்தினாலும் இவை அழிந்துவிடும். கணினியை வைஃபையில் அல்ல, வயரில் இணையுங்கள். மின்வெட்டு வரக்கூடிய நேரத்தைத் தவிருங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் மொடம் பயனற்றுப் போகலாம்.

முடிந்தபின் மொடத்தோடு வந்த கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதை உதவிக்கு வருபவருக்குச் சொல்ல நேர்ந்தால் அவர் போனபின் மறுபடியும் மாற்றுங்கள். தயாரித்தவர் புதிய ஃபேர்ம்வேர் தருவதை நிறுத்தியிருந்தால் மொடத்தையே மாற்றுவது நல்லது. புதிய மொடத்தின் விலையைவிட வங்கியில் உள்ள உங்கள் உழைப்பு பெரிது.